முதுகுக்குப் பின்னால் அடித்த மணி

போன மாதம் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது சுகந்தி என் தோளைத் தட்டினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என்னுடைய இடத்துக்கு வந்தவள். மூன்று வயதில் பிள்ளைகள் முதன்முதலாகச் சேரும் பள்ளியை இங்கே மத்தெர்னெல் என்பார்கள். அங்கே ஒவ்வொரு வகுப்பு ஆசிரியருக்கும் ஓர் உதவியாள் உண்டு. மூக்குத் துடைப்பது, சப்பாத்து மாட்டுவது, தூரிகை கழுவுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடியில் நிற்பது எல்லாம் அந்த உதவியாளின் வேலை. என் காலம் அதில்தான் கழிந்தது.

"அக்கா, உங்களைத்தான் தேடிக்கொண்டு திரிஞ்சனான். இனிக் கிழமையிலை ஒரு காலமை முழுக்கப் பிள்ளையளை வெளியிலை வைச்சிருக்கோணுமாம். இயற்கையோடை படிப்பிக்கிறதாம். போர்மாசியோன் எண்டு ஒரு பயிற்சிக்கு அனுப்பி ஒரு பெட்டியும் தந்து விட்டிருக்கினம்" என்றாள்.

"பெட்டிக்குள்ளை என்ன, இயற்கையோ?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள். முதல் அட்டையில் ஒரு கை மண்ணைத் தொடுகிறது. கீழே "மண்ணைத் தொடுவோம்" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

"மண்ணைத் தொடுறதுக்கும் அட்டை வேணுமோ?"

"துடைச்சுத் துடைச்சுப் பாவிக்கலாமாம் அக்கா. மண் ஒட்டாதாம்."

கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் அட்டைகளைப் புரட்டிக்கொண்டு போனேன். இலையைப் பார்ப்போம். குச்சி பொறுக்குவோம். மழையில் நனைவோம். கடைசியில் ஒரு காதின் படம்: கண்ணை மூடிக் கேட்போம். அந்த அட்டையில் என் கை நின்றுவிட்டது.

"நீங்கள் அந்தக் காலத்திலை செய்ததுகளை எழுதித் தாங்கோவன்" என்று சுகந்தி கேட்டாள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் மண் ஒட்டாத அட்டையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. பாரிசுக்கு வந்து கந்தோர்கள், அலுவலகங்கள் என்று துடைத்தேன், பிறகு ஒரு பள்ளிக்கூடம் துடைத்தேன். துடைக்கிற நேரத்தில் பிள்ளைகள் வந்து காலைக் கட்டிக்கொண்டதால் அங்கேயே உதவியாளாகப் போகலாமே என்றார்கள். அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. முதல் தடவை தவறினேன், அடுத்த தடவை தேறினேன். பிரெஞ்சு எனக்குப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. அதனால்தான் இன்றைக்கும் தபாற்கந்தோரில் வாய் திறந்தால் மூன்று வயதுக்காரி பேசுவது போல இருக்கிறது என்று என் மகன் நக்கலடிக்கிறான்.

எனக்கு ஒரு குணம். எதற்கும் பயம். பிள்ளை இருமினால் பயம், இருமாமல் இருந்தாலும் பயம். வெளியே போவது என்றால் முதல் நாளே எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் எங்கள் அதிபருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, வெளியே போவது ஒரு பேச்சே இல்லை. அதிபரும் அவர்தான், எங்கள் வகுப்பின் ஆசிரியரும் அவர்தான். பெயர் மதாம் லெனுவார். மெலிந்த உடம்பு, எல்லாக் காலத்துக்கும் ஒரே சாம்பல் நிற மழைக்கோட்டு, அதன் பைகளில் நூல்கண்டு, நத்தை ஓடு, கைக்குட்டை, ஒரு சின்னச் செப்பு மணி. குரலை உயர்த்தவே மாட்டார். என்னைக் கடைசி நாள் வரை "மதாம்" என்றும் "நீங்கள்" என்றும்தான் அழைத்தார். ஒரு பிள்ளை இலையொன்றைக் கொண்டுவந்து நீட்டினால் மற்ற ஆசிரியர்கள் "ஆகா, எவ்வளவு அழகு" என்பார்கள். இவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "ஆம், இது ஓர் இலை" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். பிள்ளை பெருமையோடு போய்விடும்.

நான் பயப்படுவதற்காக ஒரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் பயப்படுங்கள், மதாம். யாராவது ஒருவர் பயப்பட வேண்டும். எனக்கு நேரமில்லை" என்றார். அதோடு அந்தப் பயம் என் உத்தியோகமாகிவிட்டது.

அதை எப்படிச் செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அட்டைப் பெட்டியில் இது இல்லை. எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் நாலு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பூங்கா. பிள்ளைகள் வருவதற்கு முன்பு நான் தடித்த கையுறை போட்டுக்கொண்டு குப்பைவாரியோடும் இடுக்கியோடும் அங்கே போவேன். புதர்களின் அடி, உட்காரும் வாங்குகளின் கீழ், மரத்தின் வேர் இடுக்கு. இரவில் அந்தப் பக்கம் யார் படுத்தார்கள், எதை ஊசியால் ஏற்றினார்கள் என்பதெல்லாம் காலையில் நிலத்தைப் பார்த்தால் தெரியும். ஊசியைக் கையால் எடுக்கக் கூடாது, இடுக்கியால் நடுவில் பிடித்து, கூர் கீழே பார்க்க, மஞ்சள் பெட்டிக்குள் போட வேண்டும். ஒரு தடவை வாரினால் போதாது. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. லாச்சப்பலில் இயற்கை என்பது இதற்குப் பிறகுதான் தொடங்கும். போர்மாசியோன் கொடுத்த அம்மணி எந்தக் காட்டிலிருந்து வந்தாரோ தெரியாது.

பிறகு பிள்ளைகள். முதலில் எல்லோரையும் சிறுநீர் கழிக்க அனுப்ப வேண்டும், "எனக்கு வரவில்லை" என்கிறவரை இரண்டு தரம் அனுப்ப வேண்டும். கோட்டை நிலத்தில் விரித்து, கழுத்துப் பக்கம் தங்கள் காலைப் பார்க்க வைத்து, குனிந்து கைகளை விட்டு, தலைக்கு மேலாக ஒரே வீச்சில் வீசினால் கோட்டு தானாக முதுகில் விழும். மூன்று வயதுப் பிள்ளை இதைத் தானே செய்யும். எங்கள் தமிழ்த் தாய்மார் இதைக் கண்டால், "பிள்ளைக்கு ஒரு கோட்டுப் போட்டுவிட ஆளில்லையோ?" என்று வாசலிலேயே சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பிறகு வளையங்கள் கோத்த நீளக் கயிறு. ஆளுக்கு ஒரு வளையம். முன்னால் அதிபர், பின்னால் நான், தலைகளை எண்ணி எண்ணி வாய் உலர்ந்துபோய்.

பூங்காவில் நல்ல புல்தரை இருந்தது. ஆனால் குளிர்காலம் முழுக்க அதைச் சுற்றிக் கயிறு கட்டி, "புல் ஓய்வெடுக்கிறது" என்று பலகை வைத்துவிடுவார்கள். நான் என் ஓய்வுக்கு எத்தனை கந்தோர் படி ஏறினேன், புல்லுக்கு வீடு தேடி வருகிறது. ஆகவே எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெரிய பிளத்தான் மரமும் அதைச் சுற்றிய வெறும் மண்ணும். அது போதும். மரம் தன் பட்டையைத் தகடு தகடாக உதிர்க்கும். அவற்றைப் பொறுக்கி, தெரு கழுவ விட்ட தண்ணீர் ஓடும் ஓரக் கானில் தோணி விடுவோம். எனக்கு எலிப் பயம். கல்லைப் புரட்டிக் கீழே யார் இருக்கிறார் என்று பார்ப்போம், பார்த்த பிறகு கல்லை இருந்த மாதிரியே மூட வேண்டும், அது அதிபரின் சட்டம். அவரவர் கையை விட நீளமான குச்சி எடுக்கக் கூடாது, அது என் சட்டம். வாளித் தண்ணீரும் பழைய தூரிகையும் கொடுத்துச் சுவருக்கு வண்ணம் பூசச் சொல்வோம், பூசப் பூசக் காயும், பிள்ளைகள் களைக்காமல் மறுபடி பூசுவார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் இருந்தார். நாங்கள் போன அடுத்த நிமிடம் ஜன்னலைத் திறப்பார். "இது பூங்காவா, மிருகக்காட்சிச் சாலையா? மனிதர் நிம்மதியாக இருக்க முடியாதா?" அதிபர் நிமிர்ந்து பார்த்து, "மன்னியுங்கள், ஐயா" என்பார். ஒவ்வொரு தடவையும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இயற்கை வேண்டும் என்று இந்த நகரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், அதில் பிள்ளைகள் இருக்கக் கூடாது.

இப்போது அபிஷாவின் கதை.

அவள் தகப்பன் ஜெயந்தன் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. தாய் வனிதா வந்து அதிக காலம் இல்லை, வாய் திறக்காத பெண். அந்தக் கடைக் கட்டடத்தின் உச்சி மாடியில் ஒற்றை அறையில் மூன்று பேரும். அபிஷா வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, எங்கள் பிள்ளைகள் பலர் முதல் வருடம் அப்படித்தான், வீட்டில் தமிழ், இங்கே பிரெஞ்சு. பார்த்துப் பார்த்துச் செய்வாள். மற்றவர்கள் எழுந்தால் எழுவாள், கைகழுவினால் கழுவுவாள்.

ஆனால் பூங்காவுக்குப் போனால் நேரே பிளத்தான் மரத்தடிக்குப் போவாள். சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைப்பாள். மரத்தைச் சுற்றுவாள். காய்ந்த மண்ணை எடுத்து நெற்றியில் இழுப்பாள். ஒரு கையைத் தூக்கி மணி ஆட்டுவாள், மற்றக் கையால் தீபம் காட்டுவாள், உதடுகளை வேகமாக அசைப்பாள். பிறகு நிலத்தில் விழுந்து கும்பிடுவாள். வேறு விளையாட்டு எதிலும் சேரமாட்டாள். மணி அடித்து எல்லோரையும் கூப்பிட்டால் கடைசியாகத்தான் வருவாள்.

எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. கோயில். ஐயர் எப்படிச் செய்வாரோ அப்படியே. லாச்சப்பல் முழுக்க இது பரவிவிட்டது. சனங்களுக்கு வேறு என்ன வேண்டும்? "தெய்வக் குழந்தையாம்" என்று நகைக்கடை வாசலில் நின்று கதைத்தார்கள். வில்லியே லே பெல்லில் இருந்து ஜெயந்தனின் தமக்கை ரயிலேறி வந்து பிள்ளைக்குத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். ஜெயந்தன் பள்ளி வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

"பாத்தனீங்களோ அக்கா? ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. ஐயரே சொன்னவர், பூர்வசென்மத் தொடர்பாம்."

"காலிலை சப்பாத்தில்லாமல் நிக்கிறாள் தம்பி. குளிர் பிடிக்கும்" என்றேன். எனக்கு அதுதான் கவலை. ஊசி ஒன்று தப்பியிருந்தால் என்ன செய்வது என்று அதற்குப் பிறகு மரத்தடியை மட்டும் தனியாக இன்னொரு தடவை வாரினேன்.

பள்ளிகளைச் சுற்றி வருகிற உளவியல் ஆலோசகர் ஒரு நாள் வந்தார். வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். பேச்சில்லை, கூப்பிட்டால் வருவதில்லை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள், தன் உலகத்துக்குள் அடைபட்டிருக்கிறாள் என்றார். அடுத்த கூட்டத்தில் இவளை வேறிடத்தில், தனி வகுப்பில் சேர்க்கச் சொல்லி எழுதப் போவதாகச் சொன்னார். நான் அவருக்குக் கோயிலை விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார், "மிகவும் சுவாரசியம்" என்றார், தன் கருத்தை மாற்றவில்லை. ஒரு பக்கம் பூர்வசென்மம், மறுபக்கம் தனி உலகம். அந்தப் பிள்ளை நடுவில் வெறுங்காலோடு நின்றது.

ஜெயந்தனுக்குச் செய்தி போனதும் கொதித்துவிட்டார். "என்ரை பிள்ளையை விசர் எண்டு சொல்லுறாங்களோ? நான் நாளைக்கே அவளை அக்கா வீட்டை கொண்டுபோய் விடுறன். அங்கை பள்ளிக்கூடம் இல்லையோ?" அப்படி நடந்தால் பிள்ளை தாயை விட்டுப் போய்விடும், அங்கேயும் ஒருவர் வந்து வாங்கில் உட்கார்ந்து இதையே சொல்வார். எனக்கு நித்திரை போய்விட்டது.

அதிபர் அடுத்த தடவை பூங்காவில் மரத்தில் சாய்ந்து நின்று அபிஷாவின் பூசையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மதாம், உங்கள் கோயிலில் சத்தம் இருக்குமா?"

"சத்தமா? மணி, மேளம், நாதஸ்வரம், ஐயர் மந்திரம், சனத்தின் கதை. வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்குக் காது அடைத்துப்போய் இருக்கும்."

அவர் அந்தப் பக்கம் மண்ணில் வண்டி ஓட்டுகிற பொடியன்களைக் காட்டினார். ஒவ்வொருவன் வாயிலும் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அபிஷாவைக் காட்டினார். கை மணி ஆட்டுகிறது, உதடு அசைகிறது.

"இவள் எல்லாவற்றையும் செய்கிறாள். சத்தத்தை மட்டும் செய்யவில்லை."

என் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

அதிபருக்கு ஒரு பழைய விளையாட்டு உண்டு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். அவர் பின்னால் சுற்றி நடந்து சருகை நசிப்பார், குச்சியை முறிப்பார், மணியை ஆட்டுவார். எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். அபிஷா எப்போதும் கண்ணை மூடாமல், மற்றவர்களுடைய கையைப் பார்த்துக் கொஞ்சம் பிந்தித் தன் கையை நீட்டுவாள். மொழி விளங்கவில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். அன்றைக்கு அதிபர் அவளை எல்லோருக்கும் முன்னால், யாரையும் பார்க்க முடியாதபடி உட்கார வைத்தார். பின்னால் போய்ச் செப்பு மணியை அவள் தலைக்குக் கிட்ட வைத்து ஆட்டினார். எல்லாக் கைகளும் அந்தப் பக்கம் நீண்டன. அபிஷா தன் காலடியில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தாயையும் தகப்பனையும் பூங்காவுக்கு வரச் சொன்னார். அலுவலகத்துக்கு அல்ல. நான் மொழிபெயர்த்தேன்.

"காது கேக்காதாமோ? சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. போனிலை பாட்டுப் போட்டா ஆடுறவள்" என்றார் ஜெயந்தன்.

"பாட்டைக் கேட்டோ, படத்தைப் பாத்தோ தம்பி?"

பிள்ளை மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. அதிபர் ஜெயந்தனிடம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். "அபி" என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, "அபிக்குட்டி." பிறகு சமையலறையில் கத்துகிற குரலில், "அபிஷா." புறாக்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. பிள்ளை புறாக்களை அண்ணாந்து பார்த்தது.

"பாத்தியளோ, நிமிந்தவள்" என்றார் ஜெயந்தன். ஆனால் குரல் ஒத்துழைக்கவில்லை. அதிபர் புறாக்கள் திரும்பி இறங்கும் வரை காத்து நின்றார். மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது, அதிபர் மேலே பார்த்து "மன்னியுங்கள், ஐயா" என்றார்.

அப்போது வனிதா வாய் திறந்தாள். நான் அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

"வீட்டிலை நான் அவளைக் கூப்பிடுறேல்லை. காலாலை நிலத்திலை தட்டுவன், திரும்புவாள். கீழ் வீட்டுக்காரனும் ரெண்டு தரம் வந்து ஏசிப்போட்டுப் போனவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று ஜெயந்தன் கேட்டார்.

"ஊர் முழுக்கச் சாமிப்பிள்ளை எண்டு கொண்டாடினீங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கிட்டத்தில் கோயில் மேளம் போலப் பலமாக அடித்தால் காதில் கொஞ்சம் விழுமாம், பேச்சு விழாதாம். இரண்டு காதுக்கும் கருவி போட்டார்கள். கருவியோடு முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஆலோசகர் தான் எழுத இருந்ததை எழுதவில்லை. பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்டார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நகைக்கடை வாசலில், காது கேட்கத் தொடங்கியதும் தெய்வம் போய்விட்டது என்று கவலைப்பட்டார்கள்.

சுகந்தி, அந்தக் காது படம் போட்ட அட்டையில் ஆசிரியரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எல்லோருமாக அமைதியை அனுபவிப்பதாம். நீ மூடாதே. பிள்ளைகள் மூடியிருக்கும் நேரத்தில்தான் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

கருவியோடு அபிஷா முதன்முதலாகப் பூங்காவுக்கு வந்த அன்று எனக்குப் புதிய பயங்கள். கருவி சேற்றில் விழுந்தால்? மழை பெய்தால்? இன்னொரு பிள்ளை பிடுங்கி வாயில் போட்டால்? நான் அவள் பின்னாலேயே திரிந்து, "ஓடாதை, குனியாதை, தலையை ஆட்டாதை" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பினாள். பிறகு முகத்தைச் சுளித்து, உள்ளங்கையால் என் வாயை மூடினாள். அவள் கேட்ட முதல் உபதேசம் என்னுடையது, அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மரத்தடிக்குப் போனாள். சப்பாத்தைக் கழற்றினாள். கையைத் தூக்கினாள்.

"ணங்" என்றாள்.

தானே திடுக்கிட்டு நின்றாள். மறுபடி, "ணங், ணங், ணங்." பிறகு மேளம், பிறகு நாதஸ்வரம் என்று நான் நினைக்கிறேன், கதவு கிறீச்சிட்ட மாதிரித்தான் இருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி, விடாமல், காது கிழிய. மற்றப் பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நான் சப்பாத்துகளைப் பொறுக்க ஓடினேன்.

மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. மனிதர் பாதி உடம்பு வெளியே தெரியக் குனிந்து, நாங்கள் எல்லோரும் எங்கே போய்த் தொலைய வேண்டும் என்று விபரமாகச் சொன்னார். நான் வழக்கமான மன்னிப்புக்காக அதிபரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதில் சொல்லவில்லையா, மதாம்?" என்றேன்.

"தேவையில்லை. அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது" என்றார்.